ஒரு கட்டைக்கும் கீழே

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், இசைக் கலைஞர் எம். டி. ராமநாதன் குறித்து ஓர் இயற்பியல் ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்கு முன் இங்கே ஒரு பாட்டை ஒலிக்கவிட்டோம். சஹானா ராகம். பாடியவர் எம். டி. ராமநாதன். அது ஓடிக்கொண்டிருந்தபோது உங்கள் முகங்களைப் பார்ப்பதைத் தவிர எனக்கு மேடையில் வேறு வேலை இல்லை. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். நடுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வரிசையில் ஒரு தம்பி பக்கத்திலிருப்பவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். 'ஸ்பீக்கர்ல ஏதாவது கோளாறா?' என்றுதான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். (சிரிப்பு) சங்கடப்படாதீர்கள் தம்பி. ராமநாதன் உயிரோடு பாடிக்கொண்டிருந்த நாளிலேயே சபாக்களில் இந்த மூன்று வகையினரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சாராருக்கு அவர் தெய்வம். இன்னொரு சாராருக்குப் பொறுமையைச் சோதிக்கும் ஆள். நடுவில் இருந்தவர்கள் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள்.

நான் சங்கீத விமர்சகர் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். ராமநாதனைப் பற்றிப் பேச என்னை அழைத்ததற்குக் காரணம், போகிற இடமெல்லாம் அவரைப் பற்றியே பேசி எல்லாரையும் அலுக்கவைக்கிறேன் என்பதாகத்தான் இருக்கும். ஒரு பாடகர்மேல் ஏன் இவ்வளவு பிடிப்பு, அந்தப் பிடிப்பால் என்ன பயன், இந்த இரண்டைத்தான் இன்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். பாலக்காட்டுக்கு அருகில் மஞ்சப்ரா என்ற கிராமம். அங்கே 1923ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி பிறந்தார். தந்தை தேவேச பாகவதர், பாட்டு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். மகனுக்கும் முதல் குரு அவர்தான். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் ராமநாதன் படித்த பட்டம் என்ன தெரியுமா? இயற்பியல். எங்கள் ஆள்! (கைதட்டல்) 1944இல் சென்னைக்கு வந்து அடையாறு கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் சேர்ந்தார். சங்கீத சிரோமணி படிப்பை முடித்தார், குருவுக்கு உதவியாளராக இருந்தார், பின்பு அங்கேயே பேராசிரியரானார். 1974இல் பத்மஸ்ரீ வந்தது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி வரவில்லை. 1984 ஏப்ரல் 27 அன்று, அறுபத்தோராவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது காலமானார். வரலாறு இவ்வளவுதான். ஜெயிலுக்குப் போகவில்லை, சினிமாவில் நடிக்கவில்லை, வெளிநாட்டில் பிரளயம் எதுவும் உண்டாக்கவில்லை. மாதச் சம்பளத்துக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார், கச்சேரி செய்தார், பாட்டு எழுதினார்.

அப்படியானால் சுவாரசியம் எங்கே இருக்கிறது? அவருடைய சாரீரத்தில் இருக்கிறது.

சுருதியின் அளவைக் கட்டை என்று சொல்கிறோமே, அதை ஒரு நிமிஷம் பார்ப்போம். நம் ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை என்பது நடைமுறை. இயற்பியல் கணக்கில், ஆண்குரலில் ஒரு கட்டை என்றால் ஆதார ஷட்ஜம் நொடிக்கு ஏறத்தாழ 130 அதிர்வுகள். ராமநாதனின் ஷட்ஜம் அதற்கும் கீழே இருந்தது. மற்றவர்கள் மந்தர ஸ்தாயிக்கு இறங்கிப்போய்த் தொடுகிற இடத்தில் அவர் குடியிருந்தார். அங்கிருந்து இன்னும் கீழே இறங்கவும் செய்தார். அப்படிப்பட்ட சுருதிக்குப் பக்கவாத்தியம் சேர்வதே தனிப் பாடு. வயலினின் தந்திகளைத் தளர்த்த வேண்டும். தளர்ந்த தந்தியில் வில் கணீரென்று பேசாது. மிருதங்கமும் பெரிய தக்கு மிருதங்கமாக இருக்க வேண்டும்.

இந்தக் குரல் ஐம்பது வருஷம் முன்னால் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். ஒலிபெருக்கி வராத காலத்தில், கோயில் மண்டபத்திலும் நாடகக் கொட்டகையிலும் கடைசி ஆள்வரை கேட்க வேண்டுமானால் உச்சஸ்தாயியில் பாட வேண்டும். கிட்டப்பாவை நாடகமேடையில் ஜனங்கள் கொண்டாடியதற்கு அந்த எட்டுகிற குரலும் ஒரு காரணம். 1930களில் மைக் பரவலாக வந்த பிறகுதான் மேடையில் தாழ்ந்த குரலுக்கும் மரியாதை கிடைத்தது. ஆக, ராமநாதன் என்ற கச்சேரி வித்வான் உருவானதில் மைக்குக்கும் பங்கு உண்டு. இதை ஒரு மூலையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்து அவர் வந்து சேர்ந்த காலத்தைப் பாருங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்கு ஒரு கட்டுக்கோப்பை ஏற்படுத்திவிட்டார். விறுவிறுவென்று மத்யம காலம், அலுக்காத நீளம், ஒன்றையடுத்து ஒன்றாக உருப்படிகள். ஜி. என். பாலசுப்ரமணியம் தம்முடைய அதிவேகப் பிருகாக்களால் ஒரு தலைமுறையையே மயக்கி வைத்திருக்கிறார். மதுரை மணி ஐயரின் கல்பனாஸ்வரங்களைத் தெருவில் போகிறவர்கூட முணுமுணுக்கிறார். செம்மங்குடி, ஆலத்தூர் சகோதரர்கள், எம். எஸ். என்று திரும்பிய பக்கமெல்லாம் சிகரம். ராமநாதன் பிறந்த அதே 1923இல், அதே பாலக்காட்டு மண்ணில் பிறந்த கே. வி. நாராயணசாமி, கேட்டவுடனே மனசைக் கரைக்கிற சாரீரத்தோடு அரியக்குடியின் சீடராக மேடையேறுகிறார். இவர்கள் நடுவில் கனத்த, இறங்கிய, வேகமாக ஓட மறுக்கிற குரலோடு ஓர் இளைஞர் வந்து உட்கார்கிறார்.

அவருக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. சுருதியைக் கூட்டிப் பாடப் பழகலாம். பிருகாவுக்காகக் குரலை வருத்தி வருத்திச் சாதகம் செய்யலாம். இல்லை, பாட்டு வாத்தியாராக மட்டும் இருந்துவிட்டு மேடையை மறந்துவிடலாம். முதல் இரண்டு வழிகளைக் குறைசொல்ல மாட்டேன். செம்மங்குடி முரண்டுபிடித்த குரலை அசுர சாதகத்தால் வசப்படுத்தியவர். அந்த உழைப்புக்கு நான் கும்பிடு போடுவேன். ராமநாதன் இந்த மூன்றிலும் போகவில்லை. இந்தக் குரலுக்கு எந்தச் சங்கீதம் பொருந்தும் என்று தேடினார். கனமான குரல் ஓடாது, ஆனால் நிற்கும். அப்படியானால் நிற்பதையே சங்கீதமாக்குவது. ஒரு ஸ்வரத்தில் கார்வை கொடுத்து நிற்க வேண்டும். நிற்க வேண்டுமென்றால் காலப்பிரமாணம் இறங்க வேண்டும். விளம்பத்தில் பாடினார். மற்றவர்கள் விளம்பம் என்று சொல்வதைவிடவும் இறக்கிப் பாடினார். மற்றவர்கள் மத்யம காலத்தில் கொண்டுபோகிற 'சாமஜவரகமனா'வை அவர் எடுத்த வேகத்தில் கேட்டுப்பாருங்கள்; தினமும் போகிற தெருவில் இத்தனை வீடு இருந்ததா என்று தோன்றும்.

மெதுவாகப் பாடுவது சுலபம் என்று இங்கே யாராவது நினைக்கக்கூடும். ஒரு சோதனை செய்யலாமா? எல்லாரும் வலது கையைத் தொடையில் வையுங்கள். ஆதி தாளம் தெரியாதவர்கள் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துப் போடுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. முதலில் சாதாரண வேகம். (அவையினர் தாளம் போடுகிறார்கள்.) பிரமாதம். எல்லாரும் ஒன்றாக இருக்கிறோம். இப்போது இதில் பாதி வேகம். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் காத்திருங்கள். போடுங்கள்... இன்னும் ஓர் ஆவர்த்தனம்... இன்னும் ஒன்று. (அவையில் சிரிப்பு.) பார்த்தீர்களா? மூன்றாவது ஆவர்த்தனத்துக்குள் இடதுபுறம் ஓர் எண்ணிக்கை முன்னால் போய்விட்டது. நடுவரிசை அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு தட்டுக்கு நடுவில் காலியாக இருக்கும் இடம் நம்மை உறுத்துகிறது. அதை எப்படியாவது தாண்டிவிடக் கை பரபரக்கிறது.

வேகத்தில் தாளம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். விளம்பத்தில் நாம்தான் தாளத்தைத் தூக்க வேண்டும். லயம் உள்ளே ஆடாமல் அசையாமல் இருக்கிறவரால்தான் அந்தக் காலியிடத்தில் நிம்மதியாக உட்கார முடியும். சுருதியும் அப்படித்தான். பிருகாவில் ஓடுகிற குரல் ஒரு ஸ்வரத்தில் மயிரிழை பிசகினால் காதுக்குத் தெரிவதற்குள் அடுத்த ஸ்வரம் வந்துவிடும். கார்வையில் நிற்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நிற்கும் நேரம் முழுக்கத் தம்புரா பக்கத்திலேயே இருந்து சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே ராமநாதன் தம் குரலை ஏற்றுக்கொண்டதன் மூலம் சௌகரியமான வழியைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியாது. கஷ்டமான வேலையைத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு அவரிடம் முதலில் பிடித்த பாடம் இது. இன்றைக்கு 'உன்னை நீயே நேசி', 'நீ இருக்கிறபடியே அழகு' என்ற வாசகங்களை டீ-ஷர்ட்டில்கூட அச்சடித்து விற்கிறார்கள். நல்ல வாசகங்கள்தான். ஆனால் அவற்றைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் என்னிடம் வந்து, 'எனக்குக் கணக்கு வராது டீச்சர், நான் அப்படித்தான்' என்கிறார்கள். நான் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வது ஒரு வகை. நான் இப்படி, அப்படியானால் எனக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்று கேட்பது இன்னொரு வகை. ராமநாதன் இரண்டாவது வகை. அவர் பாடுவதைக் கேட்கும்போது அந்தக் கேள்விக்கு அவர் ஆயுள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது தெரியும்.

சஹானா, ஆனந்தபைரவி, யதுகுலகாம்போதி, ஸ்ரீராகம் என்று ரக்தி ராகங்கள் அவரிடம் அப்படி ஒட்டிக்கொண்டதற்கும் இதுதான் காரணம். இந்த ராகங்களுக்கு ஸ்வரவரிசையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உயிர் இருக்காது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற வழியில், அந்தக் கமகத்தின் அசைவில்தான் ராகம் இருக்கிறது. அசைவுக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் அவரிடம் தாராளமாக இருந்தது. சாகித்யத்தின் சொல்லும் அப்படியே. ஒரு சொல்லை எடுத்து, நிறுத்தி, திரும்பச் சொல்லி, அதில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து, பிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போவார். நடுவில் திடீரென்று ஒரு சிரிப்பு வரும். முகம் கோணும், கை எங்கேயோ போகும். அழகாக உட்கார்ந்து பாடுவது என்ற இலக்கணத்துக்கு அவர் ஒருநாளும் கட்டுப்பட்டதில்லை. கேலி செய்தார்கள். அந்தக் குரலைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார்கள். 'பாட்டு முடிவதற்குள் காப்பி ஆறிவிடும்' என்கிற ரகத்தில் ஜோக்குகள் இருந்தன. அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

இனி அவருடைய குருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டைகர் வரதாச்சாரியார் 1876இல் பிறந்தவர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர். 1932இல் மியூசிக் அகாடமி மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய புகழ் இனிமையான சாரீரத்தால் வந்ததில்லை. கற்பனையால் வந்தது, ராகத்தைக் கண்முன்னே கட்டி எழுப்புகிற ஆற்றலால் வந்தது. கனத்த குரலோடு வந்து நின்ற ஒரு பையனுக்கு இப்படி ஒரு குரு வாய்த்தது சாதாரண விஷயமா? குரல் அழகாக இல்லாமலும் மகா வித்வானாக இருக்கலாம் என்பதற்கு நடமாடும் ஆதாரம் எதிரே உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுக்கிறது! 1950 ஜனவரியில் டைகர் மறைந்தார். குருவும் சீடனும் ஒன்றாக இருந்தது ஆறு வருஷத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு முப்பத்து நான்கு வருஷம் ராமநாதன் உயிரோடு இருந்தார். அந்தக் காலம் முழுக்க, தாம் எழுதிய பாடல்களில் 'வரததாச' என்றுதான் முத்திரை வைத்தார். பாகேஸ்ரீயில் அவர் இயற்றிய 'சாகர சயன விபோ' இன்றைக்கும் மேடைகளில் ஒலிக்கிறது. யாரைப் போலவும் பாடாத மனிதர், பாட்டின் கடைசியில் தம்மை இன்னொருவரின் தாசன் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். தனித்தன்மைக்கும் குருபக்திக்கும் பகை என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குருவுக்கு அடுத்து ஒரு நிறுவனம். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, கச்சேரிச் சந்தையில் ராமநாதனின் விலை என்ன என்று பார்க்கவில்லை. வேலை கொடுத்தது. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. மைசூர் வாசுதேவாச்சார் போன்ற முதுபெரும் வித்வான்கள் அதே வளாகத்தில் இருந்தார்கள். அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்ற பயத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டிய கட்டாயம் அவருக்குக் குறைவாகவே இருந்தது. இன்னொரு பக்கம் ரசிகர்கள். எண்ணிக்கையில் குறைச்சல், ஆனால் விடாப்பிடியானவர்கள். கேரளத்தில் அவருக்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. மலையாளக் கவிஞர் கே. சச்சிதானந்தன் அவர் பாடுவதைப் பற்றி ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். டி. என். கிருஷ்ணன் போன்ற வயலின் வித்வான்கள் அவருக்கு வாசித்தார்கள். அந்த வயலினைக் கேளுங்கள். அவர் விட்ட இடைவெளியை அவசரப்பட்டு அடைக்காமல் சேர்ந்து காத்திருக்கும்.

முன்பு மூலையில் முடிந்து வைக்கச் சொன்னேனே மைக், அதை இப்போது எடுங்கள். ஒரு மைக், ஒரு குரு, ஒரு சம்பளம், கொஞ்சம் ரசிகர்கள், காத்திருக்கத் தெரிந்த ஒரு பக்கவாத்தியம். இத்தனையும் சேர்ந்துதான் ராமநாதனை ராமநாதனாக இருக்கவிட்டன. அவருடைய துணிச்சலைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. துணிச்சல் இருந்தும் இவையெல்லாம் கிடைக்காமல் எத்தனை குரல்கள் அடங்கிப்போயிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்.

என் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரமும் என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். என்னுடையது ஆம்பிளைக் குரல். சிலிண்டர் கொண்டுவருகிறவர் போனில், 'சார், கேட்டைத் திறங்க' என்பார். கதவைத் திறந்ததும், 'சார் இல்லீங்களா?' என்பார். (சிரிப்பு) இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. பன்னிரண்டு வயதில் வரவில்லை. பாட்டு வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். சுருதிப்பெட்டி ஐந்து கட்டையில் இருந்தது. பெண்பிள்ளைகள் என்றால் ஐந்து கட்டைதான் என்பது அந்த வகுப்பின் சட்டம். சரளி வரிசையில் மேல் ஷட்ஜம் வருகிறபோதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கும், குரல் பிளக்கும். மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டு டீச்சர் என் அம்மாவிடம், 'இவளுக்குச் சாரீரம் கிடையாதும்மா, வீணை வேணும்னா பாருங்க' என்று சொல்லிவிட்டார். வீணை வாங்க வசதியில்லை. அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு கொலு வீடுகளில் யாராவது பாடச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்பேன். வகுப்பில்கூடக் குரலை மெலிதாக்கிப் பேசுவேன். மதியத்துக்குள் தொண்டை வலிக்கும்.

ஆசிரியர் வேலைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் வானொலியில் பாதியிலிருந்து ஒரு பாட்டைக் கேட்டேன். யாரென்று தெரியவில்லை. மண்ணுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஒரு குரல். அது தன் கனத்தை மறைக்கப் பார்க்கவில்லை. அந்தக் கனத்தின்மேலேயே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார். கடைவீதிக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேசட் கேட்டேன். அதற்குப் பிறகு நடந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. என் ஆம்பிளைக் குரல் பெண்குரல் ஆகவில்லை. நான் மேடைப் பாடகி ஆகவில்லை. ஒரு சுருதிப்பெட்டி வாங்கினேன். ஐந்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தேன். மூன்றுக்கு வந்தபோது மேல் ஷட்ஜம் கழுத்தைப் பிடிக்காமல் வந்தது. சட்டம் போட்டிருந்த இடத்திலிருந்து இரண்டு கட்டை கீழே என் குரல் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. அங்கே யாரும் என்னைத் தேடவில்லை, நானும் தேடவில்லை.

மூன்று கட்டை கிடைத்ததோடு கதை முடிந்திருந்தால் அதுவும் டீ-ஷர்ட் வாசகம்தான். கிடைத்த பிறகுதான் சரளி வரிசையை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. விடிகாலையில் அகார சாதகம். சுருதி சேராத நாள்கள்தான் அதிகம். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் என் கணவரிடம், 'உங்களுக்கு இவ்வளவு பக்தியா, காலையிலேயே பாட ஆரம்பிச்சுடறீங்களே' என்றார். (பலத்த சிரிப்பு) இன்றைக்கு நாலு கீர்த்தனை பிசகாமல் பாடுவேன். வகுப்பில் என் சொந்தக் குரலில் பேசுகிறேன். கடைசி பெஞ்சுவரை கேட்கிறது, தொண்டையும் வலிப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ராமநாதன்மேல் பித்துப்பிடித்தவர்கள் சிலர் அவரைப் போலவே இழுத்துப் பாடப் பார்த்தார்கள். நன்றாக இல்லை. அவருடைய வேகம் அவருடைய குரலிலிருந்து பிறந்தது. மெல்லிய குரலில் அதே கார்வையைக் கொடுத்தால் வெறும் தாமதமாகத்தான் கேட்கும். நானும் அவருடைய ரசிகை என்பதற்காக நடையையும் பேச்சையும் மெதுவாக்கிக்கொள்ளவில்லை. உங்களுக்கே தெரிகிறது, நான் படபடவென்று பேசுகிறவள். ஒருவரை நேசிக்கலாம், தொழலாம், அவருடைய பதிவுகளைத் தேடித் தேடிச் சேர்க்கலாம். அவர் தமக்காகக் கண்டுபிடித்த விடையைக் காப்பியடிக்க முடியாது. பரீட்சைத்தாள் ஆளுக்கு ஆள் வேறு.

கடைசியாக ஒன்று. ஒரு கலைஞரை வியக்கும்போது நாம் பெரும்பாலும் நம்மை அந்தக் கலைஞரின் இடத்தில் வைத்துப் பார்க்கிறோம். நானும் ராமநாதன் மாதிரி என்னை ஏற்றுக்கொள்ள வேண்டும், நானும் துணிய வேண்டும் என்று. நியாயம்தான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அவருடைய வாழ்க்கையில் வேறு இடத்தில் இருக்கிறோம். யாருக்கோ நாம் டைகராக இருக்கிறோம். யாருக்கோ சம்பளம் போடுகிற நிறுவனமாக, பக்கவாத்தியமாக, கைக்கடிகாரத்தைப் பார்க்கிற ரசிகராக இருக்கிறோம். எனக்கு ஐந்து கட்டை என்று சட்டம் போட்டவரும் கெட்டவர் இல்லை. இருபது பிள்ளைகளுக்கு ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இருந்தாலும் ஒரே ஒரு நாள் பெட்டியைக் கீழே இறக்கிப் பார்த்திருக்கலாம்.

என் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. நியூட்டனின் மூன்றாம் விதியைக் கேட்டால் ஜன்னலைப் பார்ப்பாள், மேஜையைப் பார்ப்பாள். அதற்குள் நாலு பேர் கையைத் தூக்கி 'டீச்சர், டீச்சர்' என்று குதிப்பார்கள். முன்பெல்லாம் அடுத்தவளிடம் போய்விடுவேன். பாடத்தை முடிக்க வேண்டுமே. இப்போது மற்றவர்களைக் கையை இறக்கச் சொல்லிவிட்டு நிற்கிறேன். சிரமமாகத்தான் இருக்கிறது, சற்று முன் ஆதி தாளத்தில் உங்களுக்கு உறுத்திய அதே காலியிடம். சில நாள் பதில் வருவதில்லை. வருகிற நாளில் புத்தகத்தில் இருக்கிற வாக்கியமாக வராது. ஊஞ்சலையும் படகையும் வைத்து அவளே யோசித்த பதிலாக வரும். அதற்கு முழு மதிப்பெண் போட விடைத்தாள் திருத்துகிறவர் ஒப்புக்கொள்வாரா என்பது தனிப் பிரச்சினை. அதற்காக அவளை எழுதியும் பழகச் சொல்லியிருக்கிறேன்.

ராமநாதனைக் கேளுங்கள். முதல்முறை பிடிக்கவில்லையென்றால் சஹானாவில் தொடங்குங்கள். சமைத்துக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ கேட்காதீர்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் பரவாயில்லை, ஜி. என். பி. இருக்கிறார், மணி ஐயர் இருக்கிறார். ஆனால் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ தாளத்துக்குப் பின்தங்குகிற மாதிரித் தெரிகிற ஓர் ஆள் இருப்பார். அவரை அவசரப்படுத்துவதற்கு முன் ஓர் ஆவர்த்தனம் பொறுத்துப் பாருங்கள்.